ஒன்பது கட்டி

ஐஸ் போடுற மெஷினுக்கு மனசாட்சி உண்டான்னு என்னைக் கேட்டா, உண்டுன்னுதான் சொல்லுவேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கங்க. அஞ்சு மாசம் அதோட ஒரே வீட்டுல குடித்தனம் பண்ணினவ நான்.

பார்க்கப் பெருசா ஒண்ணும் இல்லை. சமையலறை மேடையில மிக்ஸிக்கும் சுவருக்கும் நடுவுல உட்கார்ற ஒரு டப்பா. மேல கண்ணாடி மூடி, அடியில தண்ணித் தொட்டி, உள்ளே தலைகீழாத் தொங்குற ஒன்பது குச்சி. குச்சிங்க தண்ணியில முங்கி நிக்கும். ஏழெட்டு நிமிஷத்துல ஒவ்வொண்ணு மேலயும் ஐஸ் கட்டிக்கும். அப்புறம் மொத்தமா கடகடன்னு கூடையில விழும். ஒரு தடவைக்கு ஒன்பது, எட்டும் இல்லை, பத்தும் இல்லை. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஓட்டை இருக்கும், நான் தைக்கும்போது விரல்ல மாட்டிக்கிற தொப்பி மாதிரி.

இதுல ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். இது ஃப்ரிட்ஜ் இல்லை. போட்ட ஐஸைக் காப்பாத்தி வைக்க இதுக்குத் தெரியாது. யாரும் எடுக்கலைன்னா கூடையிலேயே உருகும். உருகின தண்ணி கீழே தொட்டிக்கே சொட்டும். அந்தத் தண்ணியையே மறுபடி இழுத்து மறுபடி ஐஸ் போடும். கேக்குறவங்க இல்லைன்னாலும் போட்டுக்கிட்டே இருக்கும்.

வாங்கினது என் வீட்டுக்காரருக்காக. அவர் பஸ் டிரைவர். டிப்போவுல அவருக்கு 'பிரேக்'னு பேரு. பிரேக்கை நாலு தரம் மிதிச்சுப் பார்க்காம வண்டியை எடுத்ததே இல்லை. கட்டில்ல ஏறுறதுக்கு முன்னாடிகூட ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துட்டுத்தான் ஏறுவாருன்னு நான் கிண்டல் பண்ணுவேன். அந்த மனுஷனுக்குத் தொண்டையில புத்துநோய் வந்துச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் குரலும் போச்சு, விழுங்கறதும் போச்சு. ஒரு வாய் தண்ணி கொடுத்தாலும் நுரையீரலுக்குப் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாக்கு காஞ்சா சின்னதா ஒரு ஐஸ் துண்டு வைக்கலாம், அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ்ல எடுத்த ஐஸ் அவர் வாய்ப்புண்ணைக் கீறிடுச்சு. இந்த மெஷின்ல வர்ற ஐஸ் வாயில வச்சதும் கரைஞ்சுடும். விசாரிச்சு வாங்கிட்டு வந்தது அவரோட அக்கா.

அவங்களை நான் அண்ணின்னு கூப்பிடுவேன். எங்களோடதான் இருக்காங்க. கல்யாணம் பண்ணிக்கலை. நூலகத்துல வேலை. புத்தகத்தை எடுத்துட்டுப் போய் திருப்பித் தராதவங்களை அவங்க ஒரு வார்த்தை கேட்க மாட்டாங்க. வழியில பார்த்தா எதிர்ல வந்து நிப்பாங்க, நலம் விசாரிப்பாங்க, அப்படியே நிப்பாங்க. மறுநாள் புத்தகம் தானா வந்துடும். நான் அப்படி இல்லை. எனக்கு வாய் முன்னாடி போகும், புத்தி பின்னாடி ஓடி வரும். நாங்க ரெண்டு பேரும் ஒரே சமையலறையில பதினாறு வருஷம் எப்படிக் காலம் தள்ளினோம்னு இன்னைக்கும் எனக்குப் புரியலை.

நடமாட முடிஞ்ச வரைக்கும் மெஷினை அவரே பார்த்துக்கிட்டாரு. பஸ்ஸைப் பார்த்துக்கிட்ட மாதிரிதான். ஞாயிறு காலையில பிளக்கைப் பிடுங்குவாரு. மேடை ஓரத்துக்கு நகர்த்தி, கீழே பேசின் வச்சு, அடியில இருக்கிற ரப்பர் மூடியை இழுத்துத் தண்ணியை வடிப்பாரு. எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணியில மெல்லிசான துணியை நனைச்சு உள்ளெல்லாம் துடைப்பாரு. நல்ல தண்ணி ஊத்தி, முதல் ரெண்டு தடவை விழுற ஐஸைக் கொட்டிடுவாரு. மறக்காம இருக்க பக்கவாட்டுல ஒரு வெள்ளை டேப் ஒட்டி மூணு வார்த்தை எழுதி வச்சாரு: வடி, துடை, திற. 'திற'ன்னா, மறுபடி தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் காய விடணும்னு அர்த்தம். படுக்கையில விழுந்த பிறகும் ஞாயித்துக்கிழமை ஆனா மூணு விரலை எனக்குக் காட்டுவாரு. நானும் முணுமுணுத்துக்கிட்டே செய்வேன்.

அவர் என்னைக் கூப்பிடுறது ஸ்பூனால. கட்டில் பக்கத்து ஸ்டூல்ல ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும். ரெண்டு தட்டு தட்டினா ஐஸ் வேணும்னு அர்த்தம்.

அன்னைக்கு ஒரு புதன்கிழமை, மத்தியானம். அண்ணி வேலைக்குப் போயிருந்தாங்க. நான் வீட்டுலயே துணி தைச்சுக் கொடுக்கிறவ. ஒரு அவசரச் சட்டை, சாயங்காலம் கொடுத்தே ஆகணும். அப்பதான் ஐஸ் வச்சுட்டு வந்து தையல் மெஷின்ல உட்கார்ந்தேன். கால் மணி நேரம் ஆகலை, டக் டக்னு சத்தம். நான் எழுந்திருக்கலை. மறுபடி டக் டக். எனக்குக் கோவம் எங்கிருந்து வந்துச்சோ தெரியலை. உட்கார்ந்த இடத்துல இருந்தே கத்தினேன். "கேக்குது, கேக்குது. ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்தா உயிரா போயிடும்?"

தினமும் எத்தனை பேர் எத்தனை பேரைப் பார்த்துச் சொல்ற வார்த்தை அது. நானே ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.

சமையலறைக்குப் போய்ப் பார்த்தா மெஷின்ல சிவப்பு லைட் எரியுது. தொட்டியில தண்ணி இல்லை, கூடையில ஐஸ் இல்லை. காலையில ஊத்த வேண்டியது நான். பால் பாத்திரத்தைக் கழுவாம விட்டது யாருன்னு அண்ணியோட மல்லுக்கு நின்னுட்டு, மறந்துட்டேன். தண்ணியை ஊத்தி பட்டனை அழுத்தினேன். எப்படியும் எட்டு நிமிஷம் ஆகும். அவர் பக்கத்துல போய், "தண்ணி ஊத்தியிருக்கேன், இப்ப வந்துடும்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகலை. தையல் மெஷினுக்கே திரும்பிட்டேன். தட்டுற சத்தம் இன்னும் ரெண்டு தடவை வந்துச்சு, அப்புறம் நின்னுடுச்சு. அப்பாடா, தூங்கிட்டாருன்னு நினைச்சேன். உள்ளே கடகடன்னு ஐஸ் விழுந்துச்சு. கையில இருந்த தையலை முடிச்சுட்டுப் போகலாம்னு இன்னும் அஞ்சு நிமிஷம் உட்கார்ந்தேன்.

கிண்ணத்துல ஒன்பதையும் அள்ளிக்கிட்டுப் போனப்போ அவர் இல்லை. கண்ணு கதவைப் பார்த்தபடி இருந்துச்சு. கையில ஸ்பூன் இருந்துச்சு.

அதுக்கு அப்புறம் நான் செஞ்சதை யார்கிட்டயும் சொன்னதில்லை. அந்தக் கிண்ணத்தைத் திருப்பி எடுத்துட்டுப் போய், ஒன்பதையும் மறுபடி மெஷின் கூடையிலேயே கொட்டினேன். ஸ்பூனை என் தையல் டப்பாவுல நூல்கண்டுக்கு அடியில வச்சேன். அப்புறம்தான் அழுதேன்.

சேதி கேட்டு அண்ணி ஓடி வந்தாங்க. கட்டில் பக்கத்துல நின்னு தம்பியைப் பார்த்துக்கிட்டே கேட்டாங்க, "கடைசியா ஐஸ் வச்சியா?"

"வச்சேன் அண்ணி. நாக்குல வச்சேன்."

அதோட நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிக்கலை. "சிரிச்சாரு"ன்னும் சொன்னேன்.

அண்ணி தலையை ஆட்டினாங்க. ஒரு துணியை நனைச்சு அவர் முகத்தை, உதட்டை, வாய்க்குள்ள எல்லாம் மெதுவாத் துடைச்சாங்க. வேற யாரையும் கிட்ட வர விடலை.

அன்னையில இருந்து நான் மெஷினை நிறுத்தலை. கழுவலை. ஒரு ஞாயிறு, ரெண்டு ஞாயிறுன்னு இருபது ஞாயிறு போச்சு. பைத்தியக்காரத்தனம்தான், எனக்கே தெரியும். ஆனா அந்தத் தொட்டியில இருக்கிறது அவர் கேட்ட தண்ணி. அந்த ஒன்பது கட்டி அவருக்குச் சேர வேண்டியது. உருகி உருகி, கட்டிக் கட்டி, இன்னும் விழுந்துக்கிட்டே இருக்கு. ரப்பர் மூடியை இழுத்துச் சாக்கடையில விட்டுட்டா, நான் கொடுக்கவே போறதில்லைன்னு ஆயிடும். அது ஓடுற வரைக்கும் இன்னும் அந்த அஞ்சு நிமிஷம் முடியலைன்னு எனக்கு ஒரு நினைப்பு.

சத்தம்தான் கொன்னுச்சு. மோட்டார் முனகும், தண்ணி ஏறும், எல்லாம் அடங்கும். அந்த அடங்குற நேரம் இருக்கே, அப்ப என் கை தையல்ல நின்னுடும். டம்ளரைத் தட்டப் போறாருன்னு காது கூர்மையாயிடும். கடகடன்னு விழுந்த பிறகுதான் மூச்சு வரும். "இதோ வர்றேன்"னு வாய் தானா சொல்லும். ஆனா ஒரு நாளும் எழுந்து போனதில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணி ஒரே விஷயத்தைச் சொல்லுவாங்க. "என் தம்பி நாக்கு நனைஞ்சுதான் போனான். சிரிச்சானாம்." சொல்லிட்டு என் பக்கம் திரும்புவாங்க. "சிரிச்சான்தானே?"

"ம், சிரிச்சாரு." வேற என்ன சொல்றது. இந்த ஒரு பொய்யைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவங்க நடமாடுறாங்கன்னு நினைச்சேன். அது உடைஞ்சா அவங்களும் உடைஞ்சுடுவாங்க, என்னையும் இந்த வீட்டுல யாரும் மனுஷியா மதிக்க மாட்டாங்க. அந்தப் பயத்துலயே நாள் ஓடுச்சு.

ரெண்டாவது மாசம்தான் வேற ஒண்ணைக் கவனிச்சேன். சிவப்பு லைட் எரியவே இல்லை. என்னதான் அதே தண்ணி சுத்தினாலும், மூடி இடுக்குல கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகிக் குறையணும் இல்லையா? நான் ஒரு சொட்டு ஊத்தலை. துணியில கோடு போடுற சாக்குக்கட்டியால தொட்டி மட்டத்துல ஒரு கோடு போட்டு வச்சேன். ஒரு நாள் காலையில தண்ணி கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருந்துச்சு. குளிச்சுட்டு வந்து பார்த்தா கோட்டுக்கு நேரா நிக்குது.

ஈரத் தலையோட அங்கேயே நின்னேன். அண்ணியைச் சந்தேகப்படணும்னு தோணவே இல்லை. அவங்க அந்த மெஷின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க, குடிக்கிறதுகூட வெந்நீர்தான். அப்போ அவர்தான். இன்னும் தாகம் தீரலை, தானே தண்ணி ஊத்திக்கிட்டு, எப்ப கொண்டு வரப் போறேன்னு காத்துக்கிட்டு இருக்காரு. பயமா இருந்துச்சு. கூடவே ஒரு ஓரமா நிம்மதியும் இருந்துச்சு. போகாம இருக்காரேன்னு ஒரு நிம்மதி.

அஞ்சாவது மாசம் மெஷின் மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. தொட்டி ஓரத்துல வழவழன்னு பாசி பிடிச்சுது, குச்சிங்கள்ல வெள்ளையா உப்புப் படிஞ்சுது. ஐஸ் தகடு மாதிரி மெல்லிசா வரும், ஒரு நாத்தம் வேற. ஒரு தடவை போட்டதும் முக்கி முனகி நின்னுடும். அது மொத்தமும் உருகின பிறகுதான் மறுபடி கிளம்பும்.

ஒரு சனிக்கிழமை அண்ணியே மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தாங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை. ஃப்ரிட்ஜ், ஏசி எல்லாம் பார்க்கிற ஆள், முப்பது வயசு இருக்கும். மூடியைத் திறந்தவரு மூக்கைப் பொத்திக்கிட்டாரு.

"எத்தனை நாள் ஆச்சுக்கா தண்ணி மாத்தி?"

"அஞ்சு மாசம்."

"அஞ்சு மாசமா?" பக்கத்துல ஒட்டியிருந்த டேப்பைப் படிச்சாரு. "இவ்வளவு அழகா எழுதி வச்சிருக்கீங்க. வாரா வாரம் இதைச் செஞ்சிருந்தாலே போதுமே. பாசி போய் பம்பை அடைச்சிருக்கு. ஆமா, தண்ணி குறைஞ்சிருக்கணுமே, நடுவுல ஊத்திக்கிட்டே இருந்தீங்களா?"

"நான் ஊத்தலை."

"அப்ப பேயா ஊத்துச்சு?"ன்னு சிரிச்சாரு. நான் சிரிக்கலை. கதவுகிட்ட நின்ன அண்ணியும் சிரிக்கலை. அவருக்கே சங்கடமாப் போச்சு. "முதல்ல இதை வடிச்சுடுவோம்"னு பேசினை எடுத்து வச்சு, ரப்பர் மூடி மேல கை வச்சாரு.

நான் அவர் கையைப் பிடிச்சுட்டேன். "தொடாதீங்க தம்பி." என் குரல் எனக்கே அந்நியமா கேட்டுச்சு. அவர் கையை விட மாட்டேங்குறேன், என் நகம் அழுந்திடுச்சு. அவர் மெதுவா விடுவிச்சுக்கிட்டு, அண்ணியைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்கக்கா"ன்னு பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

அண்ணி வாசல் கதவைச் சாத்திட்டு வந்து என் எதிர்ல நின்னாங்க. ஒண்ணும் கேட்கலை. வெறுமனே நின்னாங்க. மெஷின் முனக ஆரம்பிச்சுது.

"அது அவருக்கு ஊத்தின தண்ணி அண்ணி"ன்னு ஆரம்பிச்சேன். அப்புறம் எல்லாத்தையும் கொட்டிட்டேன். தட்டினது, நான் கத்தினது, என்ன வார்த்தை சொல்லிக் கத்தினேன்னு, சிவப்பு லைட்டு, சட்டை, ஸ்பூனு, கூடையில திருப்பிக் கொட்டினது. "நான் வைக்கலை அண்ணி. அவர் சிரிக்கவும் இல்லை. தாகத்தோட கதவைப் பார்த்துக்கிட்டே போயிட்டாரு. நான் பத்தடி தள்ளி உட்கார்ந்து தைச்சுக்கிட்டு இருந்தேன்."

அடிப்பாங்கன்னு நினைச்சேன். அடிச்சா தேவலைன்னு இருந்துச்சு.

"தெரியும்"னாங்க.

எனக்குப் புரியலை.

"அவன் வாயைத் துடைச்சது நான்தானே? நாக்கு காகிதமாக் காஞ்சு கிடந்துச்சு. ஐஸ் வச்ச நாக்கா அது?"

"அப்ப அன்னைக்கே கேட்டிருக்கலாமே."

"நான் கேட்டு நீ சொல்றது எனக்கு வேண்டாம். நீயா சொல்லணும்." கையை நீட்டி மேடையில படிஞ்ச ஈரத்தைத் துடைச்சாங்க. "தண்ணி ஊத்தினதும் நான்தான். நீ குளிக்கப் போனதும் ஒரு டம்ளர். மெஷின் நின்னு போச்சுன்னா நீ மறந்துடுவே. மறக்க விடக் கூடாதுன்னுதான் ஊத்தினேன்."

அஞ்சு மாசம். தினமும் காலையில ஒரு டம்ளர். பாவி மனுஷின்னு எனக்கு ஆத்திரம் பொங்குச்சு. அதைவிட அதிகமா வேற ஒண்ணு வலிச்சுது. அவர் இல்லை. ஒரு நாளும் அவர் வரலை. நான் காவல் காத்த தண்ணிகூட அந்தத் தண்ணி இல்லை, பாதிக்கு மேல அண்ணி ஊத்தினது. நான் தரையில உட்கார்ந்துட்டேன்.

அண்ணியும் பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. முட்டி வலிக்காரங்க, தரையில உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "முதல் மாசம் கோவத்துல ஊத்தினேன்"னு சொன்னாங்க. "அப்புறம் கோவம் போயிடுச்சு. அந்தச் சத்தமும் நின்னா இந்த வீட்டுல அவன் சத்தம்னு ஒண்ணும் இருக்காதேன்னு ஊத்தினேன்."

மேல மோட்டார் அடங்குச்சு. நாங்க ரெண்டு பேருமே தலையைத் தூக்கினோம். கடகடன்னு ஐஸ் விழுந்துச்சு.

"எடு"ன்னாங்க அண்ணி. "கேட்டவனுக்குக் கொண்டு போய்க் கொடு."

நான் எழுந்து கிண்ணத்தை எடுத்தேன். ஒவ்வொண்ணா எண்ணி அள்ளினேன். ஒன்பது. அண்ணி பிளக்கைப் பிடுங்கினாங்க, பேசினை வச்சாங்க, ரப்பர் மூடியை இழுத்தாங்க. தண்ணி கலங்கலா, சத்தமே இல்லாம இறங்குச்சு. தொட்டி ஓரத்தைத் துணியால ஒரு சுத்து துடைச்சாங்க. மூடியைத் திறந்தே வச்சாங்க.

அவர் ரூம்ல கட்டிலை நாங்க நகர்த்தலை. ஸ்டூலும் டம்ளரும் அங்கேயே இருந்துச்சு. கிண்ணத்தை ஸ்டூல்ல வச்சேன். அண்ணி தலைமாட்டுப் பக்கம் நாற்காலியில உட்கார்ந்தாங்க. எனக்கு ஸ்பூன் ஞாபகம் வந்துச்சு. போய் தையல் டப்பாவைக் கவிழ்த்து, நூல்கண்டுக்கு அடியில இருந்து அதை எடுத்துட்டு வந்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

கிண்ணத்துல எட்டு இருந்துச்சு.

மறுபடி எண்ணினேன். ஸ்டூலுக்கு அடியில பார்த்தேன், கட்டிலுக்கு அடியில பார்த்தேன். தரை காஞ்சு கிடந்துச்சு.

"அண்ணி, எட்டுதான் இருக்கு."

"ஆமா"ன்னாங்க. அவங்க பார்வை தலையணை மேல இருந்துச்சு. "ஒண்ணு வாங்கிக்கிட்டான். சிரிச்சான்."

அவங்க ரெண்டு கையும் மடியில இறுக்கமா மூடியிருந்துச்சு. விரிச்சுக் காட்டுங்கன்னு நான் கேட்கலை. ஸ்பூனை டம்ளர்ல போட்டுட்டு, கட்டில் ஓரத்துல உட்கார்ந்து, மீதி எட்டும் உருகுற வரைக்கும் அவரோட இருந்தேன்.